பொறி சொல்லும் கணக்கு



கத்தரி போட்டவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் கொஞ்ச காலமாக ஒரே மனத்தாங்கல் தென்படுகிறது. இனக்கவர்ச்சிப் பொறி கட்டினோம், பூச்சியும் விழுகிறது, ஆனாலும் காயில் சொத்தை குறையவில்லை, போட்ட காசு தண்டம் என்கிறார்கள். சிலர் இன்னும் காரமாக, இது மருந்துக்கடைக்காரர்கள் கண்டுபிடித்த புது வியாபாரம் என்றே எழுதிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தையே அதற்கு ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறி நல்ல கருவி. அதை மருந்தின் இடத்தில் வைத்து, மருந்து செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறோம். சிக்கல் அங்கேதான்.

பொறிக்குள் தொங்கும் சின்ன ரப்பர் குப்பியை நாமெல்லாம் ‘லூர்’ என்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது, அது எதற்காக என்று தெரிந்தால் பாதி வருத்தம் தீரும்.

இருட்டிய பிறகு கத்தரித் தோட்டத்தில் ஒரு பெண் அந்துப்பூச்சி இலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெள்ளை இறக்கை, அதில் பழுப்புத் திட்டுகள். வயிற்றின் நுனியை நீட்டி, அங்கிருக்கும் சுரப்பியைக் காற்றில் காட்டும். அதிலிருந்து ஆவியாகும் பொருளின் அளவு நானோகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோகிராம். நம் மூக்குக்கு எதுவும் தெரியாது. அது காற்றோடு இழையிழையாக, விட்டு விட்டுப் பரவும். ஆணின் உணர்கொம்பில் அந்த இழை பட்டதும் அது காற்றை எதிர்த்துப் பறக்கும். இழை அறுந்துபோனால் முன்னே போகாது. இடமும் வலமுமாக அலைந்து தேடும். மறுபடி பட்டால் மறுபடி எதிர்காற்றில் போகும். துணை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே வேண்டாம். இழை பட்டால் எதிர்காற்று, படாவிட்டால் பக்கவாட்டு என்ற இரண்டே விதிகள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இதை முதலில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சின் ழான் ஆன்றி ஃபாப்ர். தென்பிரான்சில் ஒரு சிற்றூர் வீட்டில், காட்டு இனமான பெரிய மயில் அந்துப்பூச்சியின் பெண் ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்தது. அதைக் கம்பிவலைக் கூண்டில் மூடி வைத்தார். அன்றிரவே ஜன்னல் வழியாக ஆண் பூச்சிகள் ஏறக்குறைய நாற்பது அந்த வீட்டுக்குள் புகுந்துவிட்டன. சுற்றுவட்டாரத்தில் அந்த இனம் அரிது என்பது அவருக்குத் தெரியும்; அதனால்தான் திகைத்தார். பெண்ணைக் காற்றுப்புகாத பெட்டியில் அடைத்தால் ஒரு ஆணும் வரவில்லை. மூடியில் சிறு இடுக்கு இருந்தால் வந்தன. அறையில் அந்துருண்டை நெடியை நிரப்பிப் பார்த்தார். அதையும் தாண்டி வந்தன. 1900இல் அச்சான அவருடைய நூல்தொகுதியில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. கூலிக்கு ஆளில்லாமல், கருவி இல்லாமல், ஒரு கம்பிவலையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி.

அந்தப் பொருள் இன்னதென்று சொல்ல இன்னும் அறுபதாண்டு பிடித்தது. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனாண்ட் பட்டுப்பூச்சியை எடுத்துக்கொண்டார். ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டு முட்டை எடுப்பவர்கள் பார்த்திருப்பார்கள்: ஆண் பட்டுப்பூச்சியால் பறக்கமுடியாது, ஆனால் பெண் பக்கத்தில் இருந்தால் இறக்கையைப் படபடவென அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். அந்தப் படபடப்பையே அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். பெண்ணின் சுரப்பிச் சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதிக்கு ஆண் படபடக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரிப்பது. உலகப்போர் குறுக்கிட்டது, ஆய்வுக்கூடம் ஊர் மாறியது. ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளை வெட்டியெடுத்து, கடைசியில் கையில் வந்தது சில மில்லிகிராம். 1959இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார். பாம்பிகால் என்று பெயர். பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருள்களில் முதன்முதலாக இனங்காணப்பட்டது அதுதான். ஆணின் உணர்கொம்பில் இதற்கென்றே சுமார் 17,000 மயிரிழைகள் உண்டு என்றும், ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலே நரம்பில் துடிப்பு எழும் என்றும் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் கலவை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் விடாத பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி இரண்டு பொருள்களை ஏறக்குறைய 97க்கு 3 என்ற விகிதத்தில் கலந்து விடுகிறது. விகிதம் பிசகினால் ஆண் திரும்பிப் பார்ப்பதில்லை. லூர் தயாரிப்பவர் கொஞ்சம் அலட்சியமாக இருந்தால் பொறி காலியாகக் கிடப்பது இதனால்தான். இந்தக் கடுமைக்கு நடுவே இயற்கை சில குறும்புகளும் செய்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஒரு சிலந்தி வலை பின்னுவதே இல்லை. பெண் அந்துப்பூச்சியின் வாடையைத் தானே சுரந்து, நம்பி வரும் ஆண்களை நூலில் கட்டிய பசையுருண்டையால் அடித்துப் பிடித்துத் தின்கிறது. மனிதன் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே இனக்கவர்ச்சிப் பொறி உலகில் இருந்திருக்கிறது! இன்னொன்று, 1996இல் வெளிவந்தது: நம் ஆசிய யானையில் பெண் இணைக்குத் தயார் என்று சிறுநீர் வழியாக ஆணுக்குத் தெரிவிக்கும் பொருளும், நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் பயன்படுத்தும் ஒரு பொருளும் ஒன்றேதான். அதற்காக யானை அந்துப்பூச்சியைத் தேடிப்போகாது. அளவும் கூட்டும் வேறு.

இனி கத்தரிக்கு வருவோம்.

கத்தரித் தண்டு மற்றும் காய்த்துளைப்பானின் கவர்ச்சிப் பொருளை 1987இல் சீன ஆய்வாளர்களும், அடுத்த ஆண்டே அதுல அத்திகல முதலிய இலங்கை வேதியியலாளர்களும் இனங்கண்டு வெளியிட்டார்கள். தெற்காசியக் காய்க்கு மருந்து தேடும் வேலையில் தெற்காசியரின் கையும் இருந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தப் புழுவோடு மல்லுக்கட்டுவது ஏன் இவ்வளவு கடினம்? முட்டையிலிருந்து வந்த புழு வெளியே சுற்றித் திரிவதில்லை. சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் வெளியே எவ்வளவு அடித்தாலும் மருந்து காயின் தோலில்தான் நிற்கும். அந்தக் காயைத்தான் நாளைக்குச் சந்தைக்கு அனுப்புகிறோம். குழம்பில் போடுகிறோம்.

பொறி பிடிப்பது ஆண்களை மட்டும். இங்கேதான் கடிதம் எழுதியவர்களின் கணக்கு பிசகுகிறது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது. நூறு ஆணில் எழுபதைப் பொறியில் பிடித்தாலும், மிச்சம் முப்பது போதும், பெண்களில் பெரும்பகுதி முட்டை வைத்துவிடும். தவிர, பக்கத்துத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டு வரும் பெண்ணுக்கு உங்கள் பொறியால் என்ன? அது முட்டை வைக்க இடம் தேடி வருகிறது, துணை தேடி வரவில்லை. அரை ஏக்கர் கத்தரியில் இரண்டு பொறி கட்டிவிட்டு, சுற்றிலும் பத்து ஏக்கர் கத்தரி பொறியில்லாமல் இருந்தால், சொத்தை குறையாதது பொறியின் குற்றமாகாது.

தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி மையம், இந்தியாவிலும் வங்கதேசத்திலும் இலங்கையிலும் இந்தப் புழுவுக்காகவே ஒரு கூட்டுத் திட்டம் நடத்தியது. அது தந்த வழிமுறையில் பொறி மட்டும் தனியாக இல்லை. வாடிய குருத்தைக் கண்டதும் புழுவோடு கிள்ளி அப்புறப்படுத்தவேண்டும். முந்தைய பருவத்துக் கத்தரிமாரை வரப்போரம் குவித்து வைக்கக்கூடாது, ஏனென்றால் அடுத்த தலைமுறை அந்தக் குவியலிலிருந்துதான் கிளம்பும். மருந்தை நிறுத்தவேண்டும், நிறுத்தினால்தான் புழுவைத் தாக்கும் குளவிகள் பிழைக்கும். இவற்றோடு பொறி. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்தால்தான் பலன். சேர்ந்து செய்வதுதான் நமக்குக் கடினம் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வாய்க்கால் தூர்வாருவதற்குச் சேரத் தெரிந்தவர்கள்தானே நாம்.

மாவுக்கும் பந்தல் காய்க்கும் வரும் பழ ஈயின் கதை வேறு. அதில் கொஞ்சம் நம் நாட்டுச் சரித்திரமும் இருக்கிறது. பீகாரில் பூசா என்ற ஊரில் முன்பு அரசின் வேளாண் ஆய்வு நிலையம் இருந்தது. 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு அதை டெல்லிக்கு மாற்றியபோது ஊர்ப் பெயரும் கூடவே போயிற்று. பீகார்ப் பூசாவில் வேலை பார்த்த ஹவ்லெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1912இல் ஒரு விந்தையைப் பதிவு செய்தார். கொசுவுக்காகப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் கூட்டமாக வந்தன, வந்தவை எல்லாமே ஆண்கள். 1915இல் மெத்தில் யூஜினால் என்ற பொருளைத் தனியாகச் சுட்டிக்காட்டினார். இது பெண் ஈ சுரக்கும் பொருள் இல்லை. செடிகளில் இருப்பது. நம் துளசியில் தாராளமாக உண்டு. ஆண் ஈ அதை நக்கித் தின்று, உடலுக்குள் மாற்றி, தன் மணமாக்கிப் பெண்ணைக் கவரப் பயன்படுத்துகிறது. தின்ற ஆணுக்கு இணை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் அந்தப் பைத்தியம். கேரளத்தில் தேங்காய்ச் சிரட்டையில் துளசியைக் கசக்கிப் போட்டு, வெல்லமும் சிறிது நஞ்சும் சேர்த்துப் பந்தலில் தொங்கவிடும் துளசிக்கெணி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அறிவியலும் கைவைத்தியமும் ஒரே சிரட்டையில் சந்திக்கும் இடம் இது.

ஆண்களை மட்டும் பிடித்தால் பயனில்லை என்று மேலே சொன்னேனே, அதற்கு விதிவிலக்கும் இங்கேயே இருக்கிறது. மெத்தில் யூஜினாலின் இழுப்பு அவ்வளவு வலியது. பசிபிக் கடலில் ரோட்டா என்ற சிறு தீவில் 1960களின் நடுவில், அதையும் நஞ்சையும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவி, ஆண்களை ஏறக்குறைய மிச்சமின்றி அழித்து, பழ ஈயையே அந்தத் தீவிலிருந்து ஒழித்தார்கள். ஆனால் அது தீவு. சுற்றிலும் கடல். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈ வரமுடியாது. கிருஷ்ணகிரியில் ஒரு மாந்தோப்புக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தோப்புக்காரர் பொறியோடு உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்கவும் வேண்டும். புதைக்காமல் விட்ட பழம் ஒவ்வொன்றும் அடுத்த வாரத்து ஈக்களின் தொட்டில். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும், கூடவே கத்தரி, பாகல், புடலை, சேம்பு வகைகளையும் உள்ளே விட மறுத்தது நினைவிருக்கும். பழ ஈ முதலிய பூச்சிகள் சரக்கோடு போய் இறங்கியதுதான் காரணம். மாம்பழத்துக்கான தடை 2015 ஜனவரியில் நீங்கியது.

ஓர் எச்சரிக்கை. மாவுக்கு வாங்கிய லூரைப் பாகல் பந்தலில் கட்டிவிட்டு ஈ விழவில்லை என்று எழுதாதீர்கள். பாகல், புடலை, பீர்க்கை ஈ வேறு இனம். அதற்குக் ‘கியூ லூர்’ என்று தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

தென்னைக்காரர்களுக்கு நல்ல செய்தி. சிவப்புக் கூன்வண்டிலும் காண்டாமிருக வண்டிலும் மணத்தை விடுவது ஆண். அது பெண்ணை மட்டும் அழைப்பதில்லை, சாப்பாடு இங்கே இருக்கிறது என்று கூட்டத்தையே கூப்பிடுகிறது. கூன்வண்டுப் பொறியில் ஆணைவிடப் பெண் அதிகமாக விழும். முட்டை வைக்கப் போகிறவளே வாளிக்குள் விழுவதால் இங்கே பொறி நேரடியாகவே மரத்தைக் காக்கிறது. ஆனால் வாளியை இளங்கன்று நட்ட இடத்தில் தொங்கவிடாதீர்கள். அழைப்பைக் கேட்டு வந்த வண்டுகள் எல்லாம் வாளிக்குள்ளேயே இறங்கும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. சில பக்கத்துக் கன்றின் குருத்தில் இறங்கிவிடும். வாளியில் போடும் கரும்புத் துண்டோ பழமோ காய்ந்து போனாலும் பலன் குறையும்.

பருத்தியில் இந்த மணத்தை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை ஒரு மூலையில் நின்று அம்மா கூப்பிட்டால் பிள்ளை குரல் வந்த திசைக்கு ஓடும். அதே குரல் நூறு ஒலிபெருக்கியில் நூறு பக்கமிருந்தும் வந்தால் எந்தப் பக்கம் ஓடும்? இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மணத்தை அடைத்த கயிறுகளை வயல் முழுக்கச் செடியில் கட்டிவிட்டால் ஆண் இப்படித்தான் குழம்பிப்போகும். இணைசேராத பெண் வைக்கும் முட்டை பொரிக்காது. அந்த மணத்தின் கட்டமைப்பு 1973இல் தெரிந்தது; இப்படிக் குழப்பும் முறைக்கு அமெரிக்காவில் 1978இலேயே அனுமதி கிடைத்தது. மணக்கயிறு, மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தி, மலடாக்கிய பூச்சிகளை வானிலிருந்து விடுதல், பருத்திமாரை உழுது புதைத்தல் எல்லாவற்றையும் ஒருசேரச் செய்து, 2018இல் தம் நாட்டுப் பருத்தி நிலங்களிலிருந்து அந்தப் புழுவை ஒழித்துவிட்டதாக அமெரிக்கா அறிவித்தது.

நம் நாட்டில் அதே பிடி பருத்தி அதே புழுவிடம் தோற்றது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். என்றைக்கு அடிப்பது, எதற்கு அடிப்பது என்ற கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்டது என்று நான் சொல்வதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

அந்தக் கேள்விக்குத்தான் பொறி பதில் சொல்கிறது. பொறியின் முதல் வேலை காவல். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, ஒரு பொறிக்கு ஓர் இரவுக்கு எட்டுப் பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் நடவடிக்கை எடு என்பது ஆய்வாளர்கள் வகுத்த அளவு. அதற்குக் கீழே இருந்தால் கைப்பம்பை எடுக்கவேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் என்று காலண்டரைப் பார்த்து அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். பூச்சி காலண்டர் பார்ப்பதில்லை. 2018இல் படைப்புழு கர்நாடகத்தில் முதலில் தெரிந்து, அந்த ஆண்டிலேயே நம் மக்காச்சோளத்திலும் இறங்கியபோது, இலையில் ஓட்டை தெரிந்த பிறகே பலர் விழித்தார்கள். முன்கூட்டிப் பொறி கட்டியிருந்தால் தாய்ப்பூச்சி வந்த வாரமே தெரிந்திருக்கும். முட்டைக் குவியலைக் கையால் நசுக்கும் நேரமாவது கிடைத்திருக்கும்.

கைப்பக்குவம் கொஞ்சம் உண்டு. லூரை வெறுங்கையால், அதுவும் புகையிலையோ வெங்காயமோ தொட்ட கையால் தொடாதீர்கள். ஒரு பூச்சியின் லூரைத் தொட்ட விரலால் இன்னொன்றைத் தொடவே கூடாது. பாக்கியை உறையைப் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெயிலில் மூன்று நான்கு வாரத்தில் சத்து போய்விடும்; மாற்றாமல் பருவம் முழுக்கத் தொங்கவிட்டால் அது வெறும் ரப்பர். பொறியைப் பயிரின் தலைமட்டத்தை ஒட்டிக் கட்டி, பயிர் வளர வளர ஏற்றிக்கொண்டே போகவேண்டும். உற்பத்தி நாள் அச்சிடாத லூரை எந்தக் கடையில், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் பொறி கட்டுகிறவர்கள் வாரம் ஒரு நாள், காலையில், பொறியில் இருக்கும் பூச்சிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே அந்த வாரம் மழை பெய்ததா, சொத்தைக் காய் எத்தனை, மருந்து அடித்தீர்களா என்பதையும் குறியுங்கள். முடிந்தால் பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் ஊர், பயிர் பெயரோடு அந்தக் கணக்கை நமக்கு அஞ்சலட்டையில் அனுப்பிவையுங்கள். பொறி பலன் தரவில்லை என்ற கணக்காக இருந்தாலும் தயங்காமல் அனுப்புங்கள். வந்ததை வந்தபடி, ஊர்வாரியாக அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்